பக்கத்து இருக்கைக்காரரிடம் "கொஞ்சம் தள்ளி உட்காருங்க" என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

தளிர்

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக மனதில் கிடப்பதை இன்று எழுதிவிடுகிறேன்.

போன வாரம் மருத்துவரைப் பார்க்கக் காத்திருந்தேன். ஒரே இரும்புச் சட்டத்தில் நான்கு நாற்காலிகள் கோத்த வரிசை. இரண்டில் ஆட்கள், மூன்றாவதில் ஒரு பை, நான்காவதில் அந்தப் பைக்குச் சொந்தக்காரர். பக்கத்தில் போய் நின்றேன். அவர் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அரை மணிக்கு மேல் நின்றிருப்பேன். முதல் நாற்காலிக்காரரை உள்ளே கூப்பிட்ட பிறகுதான் உட்கார இடம் கிடைத்தது. உட்கார்ந்தால் அடுத்த தொல்லை. வரிசையில் ஒருவர் காலை ஆட்டிக்கொண்டே இருந்தார். சட்டம் ஒன்று என்பதால் அவர் ஆட்டுவது நான்கு நாற்காலிக்கும் வருகிறது.

திரும்பும்போது ட்ரெயின். பக்கத்தில் இருந்தவர் காலை நன்றாக அகட்டி உட்கார்ந்திருந்தார். என் இருக்கையில் கால் பங்கு அவருடைய முழங்காலுக்குப் போய்விட்டது. முழங்கை வேறு என் விலாவில். ஒரு தோளை முன்னால் தள்ளி, உடம்பைத் திருகிக்கொண்டு இரண்டு மணி நேரம் வந்தேன். மறுநாள் கழுத்தைத் திருப்ப முடியவில்லை.

"சின்ன விஷயம், விடு" என்கிறார்கள் வீட்டில். என்னால் விட முடியவில்லை. இடம் போனதைவிட, நான் வாயைத் திறக்காமல் இருந்ததுதான் உறுத்துகிறது. சொல்ல வேண்டியது மூன்றே வார்த்தை. வாய் வரை வந்தது, அப்படியே உள்ளே போய்விட்டது. உங்களில் யாராவது இதைச் சொல்லப் பழகியிருக்கிறீர்களா? என்ன வார்த்தை, எந்தக் குரலில்?

மாலைவெயில்

பை விஷயத்தில் நான் தயங்குவதே இல்லை, தளிர். "இங்கே ஆள் வர்றாங்களா?" என்று மட்டும் கேட்பேன். பையை எடுங்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. பத்தில் ஒன்பது பேர் பதில் சொல்வதற்கு முன்பே பையை மடிக்கு எடுத்துவிடுவார்கள்.

முழங்கால் வேறு கதை. அதற்கு என்னிடமும் வழியில்லை.

அளவுகோல்

இது சின்ன விஷயம் இல்லை, தளிர். அளந்து பார்த்தால் ஏன் என்று தெரியும்.

எட்வர்ட் ஹால் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1966இல் மனிதர்கள் ஒருவருக்கொருவர் விடும் இடைவெளியை நான்காகப் பிரித்தார். உடலிலிருந்து சுமார் 45 சென்டிமீட்டர் வரை மிக நெருங்கியவர்களுக்கு: துணைவர், குழந்தை. அங்கிருந்து 1.2 மீட்டர் வரை நண்பர்கள், பழகியவர்கள். அதற்கு அப்பால் 3.6 மீட்டர் வரை அலுவல், அறிமுகம். அதையும் தாண்டினால் பொதுவெளி. இந்த அளவுகள் தன் நாட்டில் பார்த்தவை, ஊருக்கு ஊர் மாறும் என்று அவரே சொன்னார். ஆனால் ஏதோ ஒரு வட்டம் எல்லோருக்கும் இருக்கிறது.

இப்போது இருக்கையை அளப்போம். விமானத்தின் சாதாரண வகுப்பில் ஒரு இருக்கையின் அகலம் பெரும்பாலும் 43 முதல் 46 சென்டிமீட்டர். வளர்ந்த ஆண்கள் பலருடைய தோள் அகலம் அதைவிட அதிகம். அதாவது எல்லோரும் ஒழுங்காக உட்கார்ந்தாலே தோள்கள் இடிக்கும். முன்பின் தெரியாத ஒருவரை, குழந்தைக்கும் துணைக்கும் வைத்திருக்கும் வட்டத்துக்குள் மணிக்கணக்கில் உட்கார வைக்கிறோம்.

இதைத் தாங்கிக்கொள்ள நாம் ஒரு வேலை செய்கிறோம். கண்டும் காணாததுபோல் இருக்கிறோம். ஜன்னலைப் பார்ப்போம், புத்தகத்தைப் பார்ப்போம், பக்கத்தில் இருப்பவரின் முகத்தை மட்டும் பார்க்க மாட்டோம். எர்விங் காஃப்மன் என்ற சமூகவியலாளர் 1963இல் இதை ஒரு மரியாதையாகவே விவரித்தார். உடல் நெருக்கத்தைத் தவிர்க்க முடியாத இடத்தில், பார்வையை விலக்கி ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ளும் இடம் அது. இருக்கும் ஒரே திரை அதுதான். முழங்காலும் முழங்கையும் அந்தத் திரையைக் கிழித்துக்கொண்டு வரும்போது கோபம் வருவதில் ஆச்சரியம் இல்லை.

நீங்கள் வாய் திறக்காததும் உங்கள் தனிக் குறை இல்லை. நான்சி ஃபெலிப்பே, ராபர்ட் சாமர் இருவரும் 1966இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. நூலகத்தில் தனியாகப் படித்துக்கொண்டிருக்கும் மாணவியின் பக்கத்தில், வேறு இடங்கள் காலியாக இருக்கும்போதே, ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டு மிக நெருங்கி உட்காருவார். அரை மணிக்குள் பத்தில் ஏழு பேர் எழுந்து போய்விட்டார்கள். யாரும் நெருங்காமல் விடப்பட்டவர்களில் எழுந்தது பத்தில் ஒருவருக்குச் சற்று மேல். போகாதவர்கள் முழங்கையை ஊன்றி முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், புத்தகங்களை நடுவில் அடுக்கினார்கள். வாயைத் திறந்து நகரச் சொன்னவர்கள் மிக மிக அரிது.

நெடுஞ்சாலை

அகட்டி உட்காருபவன் தரப்பிலிருந்து நான் பேசுகிறேன். என் உயரம் 193 சென்டிமீட்டர்.

ஒரு இருக்கையின் முதுகிலிருந்து முன் இருக்கையின் முதுகு வரைக்கும் உள்ள தூரம் விமானத்தில் பெரும்பாலும் 71 முதல் 81 சென்டிமீட்டர்தான். அதில் மெத்தையின் தடிமனைக் கழித்துவிடுங்கள். என் தொடை எலும்பு அதற்குள் நேராக அடங்காது. முன்னால் போக வழி இல்லாத முழங்கால் பக்கவாட்டில்தான் போகும். இதில் முன்னால் இருப்பவர் இருக்கையைச் சாய்த்தால் முழங்கால் சில்லில் நேராக இடி. 2014 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஒரு விமானத்தைப் பாதி வழியில் இறக்கினார்களே, அது இந்தச் சண்டைதான். முன் இருக்கை சாயாமல் தடுக்கும் சிறு கருவி ஒன்றை ஒருவர் மாட்டினார், முன்னால் இருந்தவர் எழுந்து அவர் மேல் தண்ணீரை வீசினார், நியூவார்க்கிலிருந்து டென்வர் போக வேண்டிய விமானம் சிகாகோவில் இறங்கியது.

எனக்குத் தெரியாமல் யாரையும் இடிப்பதில்லை. ஒவ்வொரு பயணத்திலும் முழங்காலை எங்கே வைப்பது என்ற ஒரே நினைப்போடுதான் உட்காருகிறேன். நடைபாதை ஓர இருக்கை கிடைத்தால் காலை அந்தப் பக்கம் விடுவேன், வண்டி தள்ளிக்கொண்டு வருபவர்கள் இடித்துவிட்டுப் போவார்கள். அதுவும் சரி என்று இருந்துவிடுகிறேன்.

செங்காந்தள்

நெடுஞ்சாலை அண்ணா, உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் என் பக்கத்தில் இதுவரை அகட்டி உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் என்னைவிட நான்கு விரல் உயரம்கூட இருக்க மாட்டார்கள். முன்னால் இடம் தாராளமாக இருக்கும், அப்போதும் அப்படித்தான். இது உலகம் முழுக்க உள்ள புகார். நியூயார்க் ரயில்களில் 2014 கடைசியில் இதற்காகவே விளம்பரப் பலகைகள் தயாரானது, இந்தப் பழக்கத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் 2015இல் ஆக்ஸ்ஃபோர்டின் இணைய அகராதியில் ஏறியது, மாட்ரிட் பஸ்களில் 2017இல் படம் போட்ட ஒட்டிகள் வந்தது எல்லாம் சும்மா இல்லை.

தளிர் எழுதியதில் ஒன்று விடுபட்டிருக்கிறது, அதை நான் சொல்கிறேன். ஒரு முழங்கால் என் தொடையை அழுத்தும்போது, இடம் போச்சே என்பது எனக்கு இரண்டாவது நினைப்புதான். முதலில் வருவது, இது தெரியாமல் பட்டதா, தெரிந்தே வைத்ததா? நான் கொஞ்சம் நகர்ந்து பார்ப்பேன். கால் அங்கேயே நின்றால் ஒரு முடிவு, பின்னாலேயே வந்தால் இன்னொரு முடிவு. தூங்குகிறாரா, தூங்குவதுபோல் இருக்கிறாரா என்று கடைக்கண்ணால் பார்ப்பேன். கையை மடியில் எப்படி வைப்பது, எந்த நிறுத்தத்தில் எழுந்து இடம் மாறுவது, எல்லாம் கணக்கு. இரண்டு மணி நேரமும் இந்தக் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். இறங்கும்போது வரும் அசதி உட்கார்ந்து வந்த அசதி இல்லை.

இன்னொன்று. நானும் பையைப் பக்கத்தில் வைப்பவள்தான். காலி இருக்கையில் இல்லை, எனக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் நடுவில், இடுப்போரமாக. அது எனக்குச் சுவர். அதைப் பார்த்து "எவ்வளவு இடம் எடுத்துக்கிறாங்க பாரு" என்று யாராவது நினைத்திருப்பார்கள். நினைத்துக்கொள்ளட்டும். அந்தச் சுவரை நான் எடுக்கப்போவதில்லை.

தளிர்

செங்காந்தள், நன்றி. "நகர்ந்து பார்ப்பேன்" என்று எழுதினீர்களே, நானும் அன்று அதையேதான் செய்தேன். அதற்கு ஒரு பெயர் இல்லாததால் எழுத வரவில்லை.

பழைய பயணி

வயதானவன், மெதுவாகத் தட்டச்சு செய்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இடுப்பு மூட்டு மாற்று அறுவை நடந்தது. முடிந்ததும் ஒரு பட்டியல் கொடுத்தார்கள். கால்மேல் கால் போடக் கூடாது. இடுப்பை 90 பாகைக்கு மேல் மடக்கக் கூடாது. முழங்கால் இடுப்பைவிட உயரும்படி தாழ்வான இருக்கையில் உட்காரக் கூடாது. அறுவை செய்த கால் மறு கால் பக்கம் சாயக் கூடாது. மீறினால் புது மூட்டு கழன்றுவிடலாம். எனக்கு மூன்று மாதம் இந்த விதி. அந்த மூன்று மாதமும் நான் கால்களுக்கு நடுவே இடைவெளி விட்டுத்தான் உட்கார்ந்தேன். ஒரு தடவை தொடைகளுக்கு நடுவில் சிறு தலையணை வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன்.

ஒரு நாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்த பெண், என் மகள் வயது இருக்கும், என் முழங்காலை ஒரு பார்வை பார்த்தது. பெருமூச்சு விட்டது. பிறகு தன் பையை எங்களுக்கு நடுவில் ஓங்கி வைத்தது. பை தொடையில் பட்டது. வலி அதிகமில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து என் மனைவியிடம்கூட அதைச் சொல்லவில்லை. அவ்வளவு கூச்சமாக இருந்தது.

"ஐயா, கொஞ்சம் காலை நகர்த்த முடியுமா?" என்று அது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், அம்மா, அறுவை நடந்திருக்கிறது, நான் வேண்டுமானால் அந்த ஓரத்துக்கு மாறிக்கொள்கிறேன் என்று. கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

செங்காந்தள்

ஐயா, அந்தப் பெண் நானாகவும் இருந்திருக்கலாம். ஓங்கி வைத்ததில்லை, ஆனால் பெருமூச்சு விட்டிருக்கிறேன். என் சுவரை எடுக்க மாட்டேன் என்று எழுதியதை மாற்றவில்லை. பெருமூச்சை விட்டுவிடுகிறேன். நீங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாலைவெயில்

இப்போது இடுப்பு எப்படி இருக்கிறது, ஐயா?

பழைய பயணி

நன்றாக இருக்கிறது, அம்மா. மாடி ஏறுகிறேன். தாழ்வான பெஞ்சைக் கண்டால் மட்டும் இன்னும் நிற்கிறேன்.

அளவுகோல்

ஐயா சொன்ன "கேட்கவில்லை, சொல்லவில்லை" என்பதுதான் இந்த இழையின் முடிச்சு என்று எனக்குப் படுகிறது.

உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் 1970களின் தொடக்கத்தில் நியூயார்க் சுரங்க ரயிலில் ஒரு சோதனை செய்தார். மாணவர்கள் போய், உட்கார்ந்திருக்கும் முன்பின் தெரியாதவரிடம் "மன்னிக்கணும், உங்கள் இருக்கையை எனக்குத் தருவீர்களா?" என்று கேட்க வேண்டும். முதுகுவலி, மயக்கம் என்று எந்தக் காரணமும் சொல்லக் கூடாது. திட்டு விழும் என்றுதான் பலரும் நினைத்தார்கள். 56 விழுக்காட்டினர் எழுந்தே இடம் கொடுத்தார்கள். இன்னும் 12 விழுக்காட்டினர் நகர்ந்து இடம் விட்டார்கள். ஆக மூன்றில் இரண்டு பேருக்கு மேல், காரணமே கேட்காமல்.

கேட்கப் போனவர்கள் பட்ட பாடு வேறு. மாணவர்கள் பலர் தயங்கினார்கள். மில்கிராமே ஒரு நாள் கேட்கப் போனார். வார்த்தை தொண்டையில் சிக்கிக்கொண்டது, அப்படியே உறைந்து நின்றேன் என்று பிறகு சொன்னார். ஒரு வழியாகக் கேட்டு, இடம் கிடைத்து உட்கார்ந்ததும் தலை தானாகக் குனிந்ததாம், முகம் வெளுத்ததாம். கேட்டதற்கு நியாயம் காட்ட உடம்பே நோயாளிபோல் நடந்துகொண்டது.

தளிர், அவர் கேட்டது முழு இருக்கை, அதுவும் அவருக்கு உரிமை இல்லாதது. நீங்கள் கேட்க வேண்டியது உங்களுக்கே உரிய கால் பங்கு. தொண்டையில் சிக்கியது மட்டும் ஒன்றுதான்.

மாலைவெயில்

அளவுகோல் சார், எல்லோரும் மில்கிராம் பார்த்த ஆட்கள்போல் இருக்க மாட்டார்கள். நான் ஒருமுறை "ஹெட்ஃபோன் போட்டுக்கிறீங்களா?" என்று மெதுவாகத்தான் கேட்டேன். அந்த ஆள் சத்தத்தை இன்னும் கூட்டினார், பெட்டி முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி என்னைத் திட்டினார். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்கும் ஆட்களும் இருக்கிறார்கள்.

நான் கற்றுக்கொண்டது: ஒரு தடவைதான் கேட்பேன். பதிலில் சூடு தெரிந்தால் பேச்சை வளர்க்காமல் எழுந்துவிடுவேன். தெரிந்தே உரசுகிறார் என்று பட்டால் கேட்கவே மாட்டேன், நேராகப் பணியாளரிடம் போவேன். செங்காந்தள் சொன்ன இரண்டு முடிவுக்கும் இரண்டு வழி வேண்டும். எல்லாவற்றுக்கும் "நயமாகக் கேளுங்கள்" என்று சொல்லிவிடாதீர்கள்.

அளவுகோல்

ஒப்புக்கொள்கிறேன். நான் எழுதியது தெரியாமல் இடிப்பவருக்கு மட்டும்தான். அதைப் பிரித்துச் சொல்லியிருக்க வேண்டும்.

வரைபடம்

பொது இருக்கைகள் வடிவமைப்பது என் தொழில், அதனால் நடுவில் நுழைகிறேன். இந்தச் சண்டைகளில் பாதி நாங்கள் செய்து வைத்தவை.

மூன்று பேர் வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். கைதாங்கிகள் நான்கு. முழங்கைகள் ஆறு. சண்டை கணக்கிலேயே இருக்கிறது. ஜன்னலோரத்தவருக்குச் சாய ஒரு சுவர் உண்டு, நடைபாதை ஓரத்தவருக்குக் காலை நீட்ட வழி உண்டு, நடுவில் இருப்பவருக்கு ஒன்றும் கிடையாது. அதனால் நடுவில் உள்ள இரண்டு கைதாங்கியும் அவருக்கு என்பது என் கருத்து. இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

தளிர் சொன்ன ஆட்டம்: ஒரே சட்டத்தில் நாற்காலிகளைக் கோப்பது தரையைக் கூட்டித் துடைக்க வசதி, கால்கள் குறைவு, செலவு குறைவு. விலையாகக் கொடுப்பது இதுதான், ஒருவர் கால் ஆட்டினால் வரிசையே ஆடும். சட்டம் நீளமாக, தாங்கும் கால்கள் குறைவாக இருந்தால் இன்னும் மோசம். இரண்டு இருக்கைக்கு ஒரு கால் என்று வைத்தாலே நிறையக் குறையும்.

தடுப்பில்லாத நீள பெஞ்சில் மூன்று பேருக்கு இடம் இருக்கும், இரண்டு பேர் இரண்டு ஓரமும் பிடிப்பார்கள், மூன்றாமவர் நடுவில் உட்காராமல் நிற்பார். கைதாங்கி வைத்துப் பிரித்தால் மூவரும் உட்காருவார்கள். பழைய பயணி ஐயா போன்றவர்கள் ஊன்றி எழவும் அது வேண்டும். ஆனால் அதே கைதாங்கி, படுக்க வேறு இடமே இல்லாதவரை விரட்டுகிறது. விரட்டவே வைப்பவர்களும் உண்டு. லண்டனில் 2012இல் வந்த கான்கிரீட் பெஞ்ச் ஒன்று, யாரும் படுக்க முடியாதபடி சரிவுசரிவாக வார்த்தது, அதற்காகவே பேர் கெட்டுப்போனது. நான் வரையும் பெஞ்சுகளில் ஒரு பாதிக்குத் தடுப்பு, ஒரு பாதி திறந்தது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன். சில சமயம் ஒப்புக்கொள்கிறார்கள்.

அகலமான நிழல்

இதுவரை யாரும் எழுதாததை நான் எழுத வேண்டும். நான் பருமனானவள். அந்தக் கைதாங்கி என் இடுப்பில் பதிந்து, இறங்கிய பிறகும் தடம் இருக்கும்.

நான் பஸ்ஸில் ஏறினால், காலி இருக்கை வைத்திருப்பவர்கள் முகத்தை வெளியே திருப்புவதைப் பார்ப்பேன். பையை எடுத்து பக்கத்தில் வைப்பார்கள். சிலர் கண்ணை மூடிக்கொள்வார்கள். நான் உட்காருமுன்பே "இங்கே வந்துவிடாதே" என்று சொல்வது அது. இந்த இழையில் "இடத்தை எடுத்துக்கொள்கிறார்கள்" என்று படிக்கும்போதெல்லாம் என்னைத்தான் சொல்கிறார்களோ என்று இருந்தது.

நான் என்ன செய்கிறேன் என்றால், உட்காருமுன் கேட்டுவிடுவேன். "நான் உட்கார்ந்தால் உங்களுக்குக் கொஞ்சம் நெருக்கமாக இருக்கும், பரவாயில்லையா?" என்று. மாட்டேன் என்று இதுவரை ஒருவர்கூடச் சொன்னதில்லை. பலர் சிரித்துவிட்டு நகருவார்கள். கேட்ட பிறகு அந்தப் பயணம் முழுக்க எனக்கு மூச்சு நிம்மதியாக வரும்.

அளவுகோல்

நீங்கள் பார்த்த அந்தக் கண் மூடலும் பையும் ஆய்வாகவே பதிவாகியிருக்கிறது. எஸ்தர் கிம் என்ற ஆய்வாளர் நீண்ட தூரப் பஸ்களில் பயணம் செய்து பார்த்து 2012இல் எழுதினார். பக்கத்து இருக்கையைக் காலியாக வைத்துக்கொள்ள மக்கள் செய்வதில் இவையெல்லாம் உண்டு: பை வைப்பது, ஓர இருக்கையில் ஹெட்ஃபோன் மாட்டி உட்காருவது, காது கேட்காததுபோல் இருப்பது, தூங்குவதுபோல் இருப்பது. எதுவும் உங்களுக்காக மட்டும் செய்வதில்லை. ஆனால் பார்க்கும் உங்களுக்கு அது எப்படி இருக்கிறது என்று நான் இன்றுதான் யோசித்தேன்.

நெடுஞ்சாலை

அகலமான நிழல் அக்கா எழுதியதைப் படித்த பிறகு நானும் மாற்றிக்கொள்கிறேன். இனி உட்கார்ந்ததும் நானே சொல்லிவிடுகிறேன்: "எனக்குக் கால் நீளம், இடித்தால் சொல்லுங்க, எழுந்து நிற்கிறேன்." இத்தனை வருடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன், அது யாருக்குக் கேட்டிருக்கும்?

தளிர்

ஒன்பது நாள் கழித்து எழுதுகிறேன்.

நேற்று அதே ட்ரெயின். பக்கத்தில் வேறு ஒருவர், அதே மாதிரி முழங்கால். முதலில் நகர்ந்து பார்த்தேன். கால் பின்னால் வரவில்லை, அங்கேயே நின்றது. போனில் மூழ்கியிருந்தார். சரி, இது தெரியாமல்தான் என்று முடிவு செய்தேன். அப்புறமும் இரண்டு நிறுத்தம் போனது, வாய் வரவில்லை. மூன்றாவது நிறுத்தத்தில் அவர் முகத்தைப் பார்க்காமல், முன் இருக்கையைப் பார்த்தபடியே, "கொஞ்சம் தள்ளி உட்காருங்க" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. "என்ன?" என்றார். மறுபடி சொன்னேன், இந்தத் தடவை அவரைப் பார்த்து. "அய்யோ, ஸாரிங்க" என்று காலை எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான். என் காது இரண்டும் சுட்டது. அளவுகோல் சார் சொன்ன மில்கிராம் நினைப்பு வந்தது.

இருபது நிமிடத்தில் முழங்கால் திரும்ப வந்துவிட்டது. அவர் வேண்டுமென்று வைக்கவில்லை, போனில் இருந்தார், கால் தானாக அகன்றது. ஒரு தடவை கேட்டாகிவிட்டது, மறுபடி கேட்டால் சண்டைக்காரி என்று நினைப்பாரோ என்று இருந்தது. முதல் தடவையைவிட இதுதான் கஷ்டமாக இருந்தது. கேட்டேன்.

இந்த முறை அவர் ஒன்றும் சொல்லவில்லை. தன் பையைத் தரையிலிருந்து எடுத்து, மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். முழங்கால்கள் பையின் அகலத்துக்கு அடங்கின. இறங்கும் வரை அப்படியே இருந்தார். நான் முதுகை முழுசாகச் சாய்த்து உட்கார்ந்து வந்தேன்.

பழைய பயணி

இரண்டாவது தடவை என்ன வார்த்தை சொன்னீர்கள், அம்மா?

தளிர்

அதே வார்த்தைதான், ஐயா. முன்னால் "மறுபடியும் கேக்குறேன்" என்று மட்டும் சேர்த்துக்கொண்டேன்.